சம்மதம் கேட்காத சேர்க்கை

முதலில் சந்தேகம் வந்தது கேன் தண்ணீர் மேல். ஓசூரில் எங்கள் தெருவுக்கே ஒரே வண்டிதான் கேன் போடுகிறது. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் நாக்கு மரத்துப்போனது. அப்படியானால் வீட்டுக்குள்தான் எதையோ கலக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். வீட்டில் என்னையும் என் கணவர் முருகேசனையும் விட்டால் யார் இருக்கிறார்கள்?

கம்பெனியில் எனக்கு வேலையே பாகங்களில் குறை கண்டுபிடிப்பதுதான். அதில் நான் கெட்டிக்காரி. அதனால் இதை நோய் என்றே நினைக்கவில்லை.

சோறு தண்ணீரை நிறுத்தி, ஒருநாள் மயங்கி விழுந்தேன். "வா, கிருஷ்ணகிரில உங்கக்கா வீட்டுக்குப் போலாம்" என்று பொய் சொல்லி, முருகேசன் என்னை மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். பாவி மனுஷன்! அதை இன்றும் நான் மன்னிக்கவில்லை. வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள்.

டாக்டரம்மா அவரை வெளியே அனுப்பிவிட்டு, "வீட்ல சொத்துத் தகராறு இருக்குதாம்மா? அடிப்பாரா?" என்று கேட்டார். இவரும் அவரைச் சந்தேகப்படுகிறாரே என்று உள்ளுக்குள் மகிழ்ந்துபோனேன்.

ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டதற்கு, "நல்லா சாப்பிடறேங்க மேடம். அவருக்குத்தான் வேற எண்ணம்" என்று அமைதியாகப் புளுகினேன்.

என் சம்மதமில்லாமல் உள்ளே சேர்க்க, இரண்டு டாக்டர்கள் தனித்தனியே பார்த்தாக வேண்டுமாம். அடுத்து வந்த டாக்டர் தன் பாட்டிலில் ஒரு வாய் குடித்துவிட்டு, எனக்கும் ஒரு டம்ளரில் ஊற்றினார். "குடிங்கம்மா. உதடெல்லாம் வெடிச்சிருக்குது."

குடித்தால் வீட்டுக்குப் போய்விடலாம். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. வாய் வரை கொண்டுபோனேன். முடியவில்லை. அழுதுவிட்டேன்.

"சந்தேகப்படறாங்கன்னு யாரையும் உள்ள வைக்க மாட்டோம்மா. இப்படியே விட்டா உங்க உயிர் போயிரும். அதுக்குத்தான்" என்றார்.

சைக்கோசிஸ் (நடக்காததை நடப்பதாக மனம் உறுதியாக நம்பும் நோய்) என்றார்கள். கணவர் கையெழுத்துப் போட்டார். "இதுக்குத்தானே காத்திருந்த!" என்று வார்டே அதிரக் கத்தினேன்.

மாத்திரையில் உடம்பு கனத்தது, பகல்கள் இழுத்தன. சந்தேகம் ஒரேயடியாகப் போகவில்லை. அது இல்லாத நேரங்கள் மட்டும் நீண்டுகொண்டே வந்தன. இப்போதும் உடம்பு ஏதாவது சொன்னால் உடனே நம்புவதில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "மறுபடி இப்படி ஆனா, உங்க சார்பா முடிவெடுக்க யாரை வைக்கலாம்? அவரையேதான் வைக்கணும்னு இல்ல. நீங்க யாரை வேணாலும் சொல்லலாம்" என்றார்.

அக்கா பெயர் வாய் வரை வந்தது. அக்கா இளகின மனசுக்காரி; நான் அழுதால் அப்போதே வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவாள். முருகேசன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவரே இருக்கட்டுங்க மேடம்" என்றேன். "நான் எவ்வளவு கத்துனாலும் காதுல வாங்க மாட்டார்."