வரிசையில் நின்ற என் அண்ணன்

என் அண்ணன் ரோலண்டுக்குக் கண் போய் மூன்று வருடமாகிறது. அடியோடு போய்விடவில்லை. நேரே பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஓரக்கண்ணில் மட்டும் நிழல் நிழலாக ஆள் நடமாட்டம் தெரியும். இங்கிலாந்தில் ஓல்டாம் ஊரில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவன். எங்கள் ஊர் மேடும் பள்ளமுமாக இருக்கும், வருடத்தில் பாதி நாள் மழை. அந்த மேடுகளில் பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு வரும் கிழவிகூடத் தடுமாறாதபடி ஓட்டுவான் என்று பெயர் வாங்கியவன். அதே ஊர் இன்றைக்கு அவனைக் கண்டால் "பாவம் ரோலண்ட்" என்கிறது. அந்தப் பாவத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கண் போனதோடு இன்னொன்றும் நடந்தது. ஜனங்கள் அவனிடம் பேசுவதை விட்டுவிட்டார்கள். எதுவானாலும் அவன் மனைவி பெரிலிடம்தான் கேட்பார்கள். அவன் பக்கத்திலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருப்பான். "அவருக்கு டீல சர்க்கரை போடலாமா?" என்று அவளைக் கேட்பார்கள். கண்தானே போயிற்று, நாக்குமா போயிற்று?

பெரில் என்னோடு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். அவளை அண்ணனுக்குப் பார்த்துக் கொடுத்ததே நான்தான். அதற்காக இருவருமே இன்னும் என்னைத் திட்டுவார்கள். அண்ணன் ஓய்வு பெற்ற வருடம், மலிவாக டிக்கெட் கிடைத்ததென்று போர்ச்சுகலில் லிஸ்பனுக்கு இரண்டு இரவு போனார்கள். அதற்கு முன்னால் கடல் தாண்டியதே இல்லை. போன அன்று சாயங்காலம் மேட்டுச் சந்துகளில் ஏறி இறங்கும் டிராமில் ஏறி, ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் நின்றவன், வண்டி கடைசி நிறுத்தத்துக்குப் போய்த் திரும்பி வரும்வரை இறங்கவே இல்லையாம். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக என் வீட்டுக்கு வந்தான்.

"ஐரீன், அந்த இறக்கத்துல அவன் பிரேக் பிடிக்கிறான் பாரு, கையெடுத்துக் கும்பிடணும்."

அன்றிலிருந்து மார்ச் ஒரு தடவை, நவம்பர் ஒரு தடவை. வெள்ளிக்கிழமை போவது, ஞாயிற்றுக்கிழமை வருவது. போவது லிஸ்பன்தான். "உலகத்துல வேற ஊரே இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டால், "இன்னும் இதையே முடிக்கலையே" என்பான்.

அவர்கள் கிளம்பும் கோலத்தைப் பார்க்க வேண்டும். பெட்டிக்குத் தனிக்கட்டணம் கேட்கிற விமானம் அது. அதைக் கொடுக்க இரண்டு பேருக்கும் மனசு வராது. ஆகவே எல்லாவற்றையும் மேலேயே போட்டுக்கொள்வார்கள். அண்ணன் மூன்று சட்டை, அதன் மேல் கம்பளிச் சட்டை, அதன் மேல் கோட்டு. கோட்டுப் பைகளில் சவரக்கத்தி, காலுறை, பெரிலுக்கு இல்லாமல் முடியாத டீத்தூள் பொட்டலம்.

"வெங்காயம் மாதிரி நிக்கிறியேடா," என்றேன் ஒரு தடவை.

"உரிச்சா நீதான் அழுவே. தள்ளு, டாக்ஸி வந்துருச்சு."

கண் போன பிறகும் இது நிற்கவில்லை. அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. அவர்கள் மகள் ஜனீன் நல்ல பெண். பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள், ஞாயிறு தவறாமல் எங்களை அழைத்துச் சமைத்துப் போடுகிறாள். ஆனால் பயந்தவள். பயத்தைக் கோபமாகத்தான் காட்டத் தெரியும்.

"அம்மா, கண்ணு தெரியாத மனுஷனைக் கூட்டிட்டுப் போய் என்னத்தைக் காட்டப் போறே? இங்க சோபாவுல உக்கார்ந்தா ஆகாதா?"

போன நவம்பரில் அங்கே ஒரு கல் படியில் வழுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். ஜனீன் ஆடிப்போய்விட்டாள். அழுதாள். அப்போதுதான் பெரில் வாய்விட்டு ஒரு வாக்குக் கொடுத்தாள்.

"சரி. இனிமே ஒண்ணு ஆச்சுன்னா, ஒரே ஒண்ணு, ரெண்டு பாஸ்போர்ட்டையும் உன் கையில கொடுத்துடறேன். அதுக்கப்புறம் உங்கப்பாவை நான் எங்கேயும் கூட்டிட்டுப் போக மாட்டேன்."

பெரில் சொன்னால் சொன்னதுதான்.

இந்த வருடம் மார்ச்சில் கண் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததில் பயணம் தள்ளிப்போய் ஜூனில் விழுந்தது. ஜூனில் லிஸ்பனே தெருவில் இருக்கும் என்று இவர்களுக்குத் தெரியாது. அந்தோனியார் திருவிழா. சந்துக்குச் சந்து வண்ணக் காகிதத் தோரணம், வாசலுக்கு வாசல் மத்தி மீன் சுடும் புகை, துளசி மாதிரி வாசனை அடிக்கும் செடியைச் சின்னச் சட்டியில் வைத்து விற்கிறார்களாம். கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். அண்ணனுக்கோ சொர்க்கம். மீன் வாசனை, மேளம், பாட்டு. கண் வேண்டிய வேலை எதுவுமே இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் பெரிலுக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. ஒரு சின்ன உணவகத்து வாசலில் அவன் கையைச் சுவரில் வைத்தாள்.

"இந்தச் சுவரைப் பிடிச்சுக்கோ. அசையாதே."

"நான் என்ன நாய்க்குட்டியா, கட்டிப் போட்டுட்டுப் போறே?"

உள்ளே பெண்கள் வரிசை நீளமாக இருந்தது. அவள் முறை வந்து, முடித்து வெளியே வந்தால் சுவர் இருக்கிறது, அண்ணன் இல்லை. இடையில் ஒரு வாத்தியக்குழு அந்தச் சந்து வழியாக இறங்கிப் போயிருக்கிறது. ஆற்றில் விழுந்த கட்டையைப் போல அவனையும் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

பெரில் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? கீழே டிராம் நிறுத்தம் வரை ஓடினாள், திரும்பி மேலே படிகளில் ஏறினாள். தண்டவாளத்தில் விழுந்திருப்பானோ, படியில் உருண்டிருப்பானோ என்று கண்டபடி நினைத்திருக்கிறாள். என்னிடம் இதைச் சொல்லும்போது இந்த இடத்தில் நிறுத்தி மூக்கைச் சிந்தினாள்.

"ஐரீன், நான் அப்ப பாஸ்போர்ட்டை நினைக்கல. ஜனீனை நினைக்கல. அவன் சட்டைப் பட்டனை நான் மாத்திப் போட்டு விட்டிருந்தேன், அதான் ஞாபகம் வந்துச்சு."

மூச்சு வாங்க ஒரு படியில் உட்கார்ந்தாளாம். அப்போதுதான் புத்தி வேலை செய்திருக்கிறது. ரோலண்ட் தெரியாத இடத்தில் கண்டபடி நடக்க மாட்டான். நடுத்தெருவில் சும்மா நிற்கவும் மாட்டான். நாலு பேர் வந்து "பாவம்" என்பார்களே! அப்படியானால் எங்கே நிற்பான்? எங்கள் ஊர்க்காரன் எதுவும் புரியாமல் போனால் எங்கே போய் நிற்பானோ அங்கேதான். எங்கேயாவது ஒரு வரிசை இருந்தால் அதன் வாலில்.

எழுந்து வரிசை தேடினாள். அந்தோனியார் கோயிலைச் சுற்றி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் ஓரமாகவே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். நடுவில், பட்டன் மாறிய சட்டையோடு, வியர்த்து வழிய, என் அண்ணன்.

"இங்க என்னடா பண்றே, பாவி?"

"வரிசைல நிக்கிறேன்."

"எதுக்கு வரிசை?"

"தெரியல. நல்லா நகருது."

அழுதாள், திட்டினாள், வெளியே வா என்றாள். வரமாட்டேன் என்றுவிட்டான். "இவ்வளவு நேரம் நின்னுட்டு இப்ப விட்டா எப்படி? இன்னும் கொஞ்சம்தான்." சரி, இவளாவது அவன் பக்கத்தில் போய் நிற்கலாம் அல்லவா? நிற்கவில்லை! பின்னால் அத்தனை பேர் இருக்கும்போது நடுவில் நுழைவதாவது? எங்கள் ஊரில் அதைவிடத் திருடலாம். புருஷனைத் தொலைத்துக் கண்டுபிடித்தவள், அவனைத் தொடாமல், வரிசைக்கு வெளியே இரண்டடி தள்ளி, அவன் நகர நகரத் தானும் நகர்ந்திருக்கிறாள். அதைப் பார்த்துப் பொறுக்காமல் பின்னால் நின்ற ஒரு லிஸ்பன்காரி, இவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டாளாம்.

வரிசை எதற்கு என்று அவள்தான் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாள். மந்திரித்த ரொட்டிக்கு. அந்தோனியார் தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவராம். ரொட்டியை வருடம் முழுக்க வீட்டில் வைத்திருந்தால் குறை வராதாம். நாங்கள் மெதடிஸ்ட் சபைக்காரர்கள், புனிதர்களோடு எங்களுக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆனாலும் பெரில் அந்தக் குட்டி ரொட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தாள்.

"ஜனீன்கிட்ட மூச்சு விடாதே," என்றேன். "அப்புறம் தெரிஞ்சா நான்தான் மறைக்கச் சொன்னேன்னு என் மேல பழி போடு. பொய் சொல்லு."

"வாக்குக் கொடுத்தேனே, ஐரீன்."

"வாக்கா முக்கியம்? லிஸ்பன் இல்லேன்னா அவன் அந்தச் சோபாவுலயே செத்துப் போவான்."



அடுத்த ஞாயிறு ஜனீன் வீட்டு மேஜையில் மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, குழம்பு எல்லாம் வந்தது. ஜனீன் எங்களுக்குப் பரிமாறிக்கொண்டே வந்து அண்ணனுக்குப் பின்னால் நின்றாள்.

"அம்மா, அப்பாவுக்கு இன்னும் உருளைக்கிழங்கு வேணுமா?"

பெரில் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஜனீன், உக்காரு. உங்கப்பாவை லிஸ்பன்ல தொலைச்சுட்டேன்." ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்து, கைப்பையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து, குழம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பக்கத்தில் அந்த ரொட்டியையும் வைத்தாள். ஜனீன் முகம் வெளுத்துப் போயிற்று. பாஸ்போர்ட்டுக்குக் கையை நீட்டினாள்.

அண்ணன் கை முந்திக்கொண்டது. மேஜை மேல் துழாவியது. முதலில் குழம்பில் விரல் பட்டது, அப்புறம் ரொட்டி, அப்புறம் பாஸ்போர்ட். இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வாக்குக் கொடுத்தது உங்கம்மா. நான் யாருக்கும் கொடுக்கல. என்னை யாரு கேட்டீங்க?"

"அப்பா, நீ தொலைஞ்சு போயிட்டே!"

"தொலையல. வரிசைல நின்னேன். அந்தோனியாருக்கு என்னால ஒரு வேலையும் இல்ல அன்னிக்கு."

"விழுந்து கிழுந்திருந்தா? வண்டி மோதியிருந்தா? எனக்குப் பயமா இருக்குப்பா!" ஜனீன் உடைந்துவிட்டாள். "கண்ணு தெரியாம அங்க போய் உனக்கு என்னதான் கிடைக்குது?"

அண்ணன் விரலில் இருந்த குழம்பைத் துடைத்தான். அவன் குரல் உயர்ந்து நான் அதிகம் கேட்டதில்லை. அன்றைக்கு உயர்ந்தது.

"சொல்றேன் கேளு. அங்க எழுதியிருக்கிறதை என்னால படிக்க முடியாது. உங்கம்மாவாலயும் முடியாது. அங்க பேசறது எனக்குப் புரியாது, அவளுக்கும் புரியாது. ரெண்டு பேரும் ஒரே மாதிரி முழிப்போம். சாப்பாட்டுக் கடைக்காரன் என்கிட்டயே வந்து, என் கையில ஒரு மீனைக் கொடுத்து, இது வேணுமான்னு கேக்கிறான். என்கிட்ட கேக்கிறான், ஜனீன்! இந்த ஊர்ல என்கிட்ட யாரும் எதுவும் கேட்டு மூணு வருஷம் ஆச்சு. இந்த மேஜையிலயும்தான்."

ஜனீன் கையில் கரண்டி அப்படியே இருந்தது. என் கண்ணும் கலங்கிவிட்டது. இத்தனை காலம் ஊரைத் திட்டிக்கொண்டிருந்த நானும் அந்த மேஜையில்தான் உட்கார்ந்திருந்தேன், அவன் தட்டில் என்ன வேண்டும் என்று ஒரு நாளும் அவனைக் கேட்டதில்லை.

"நவம்பர்ல நான் போறேன்," என்றான் அண்ணன். "தனியாவே போவேன்."

பெரில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். "உங்கப்பாவை நான் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு சொன்னேன், மாத்திப் பேச மாட்டேன். ஆனா அவன் என்னைக் கூட்டிட்டுப் போனா நான் என்ன செய்ய முடியும்?"

"தொலைஞ்சா வரிசைல நில்லு, பெரில். நான் வந்து கண்டுபிடிக்கிறேன்," என்றான்.

ஜனீனுக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது. புறங்கையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மேஜையைச் சுற்றி வந்து அவன் ஓரக்கண்ணுக்குத் தெரியும் பக்கமாக நின்றாள்.

"அப்பா, உருளைக்கிழங்கு வேணுமா?"

"வேணும். ரெண்டு. நல்லா முறுகினதாப் பார்த்துப் போடு."