ஓரகத்திகள் எடுத்த லாரி

எங்கள் தெரு மளிகைக் கடைக்காரி லேசுப்பட்டவள் அல்ல. அவள் கடைக்கு மேல்மாடியில் நான் குடியிருக்கிறேன். அவள் குரலில்தான் எனக்குப் பொழுது விடியும். புருஷன் போன பிறகு கடையை ஒண்டியாக இழுத்துப் பிடித்தவள். அப்பேர்ப்பட்டவளை மொத்த வியாபாரி ஒரு மூட்டைப் பருப்பால் தலைகுனிய வைத்தான்.

மொத்தக் கடையில் ஒரு வழக்கம். லாரிக்கணக்கில் எடுப்பவர்கள் மூட்டையில் குழாய் ஊசி குத்தி அடிச்சரக்கையும் உருவிப் பார்க்கலாம். ஒன்றிரண்டு மூட்டை எடுக்கும் சின்னக் கடைக்காரர்கள் குத்தக்கூடாது. கொடுத்ததை வாயை மூடிக்கொண்டு தூக்கிவர வேண்டும். அந்த மூட்டையில் மேலே பளபளவென்று புதுப் பருப்பு, அடியில் வண்டு. அவள் கவனிக்குமுன் பாதித் தெரு வாங்கிப் போய்விட்டது. மறுநாள் ஆளாளுக்குப் பொட்டலத்தை அவள் மேசையில் கொட்டினார்கள். பலர் அதோடு கடை மாறிவிட்டார்கள். அவள் போய் நியாயம் கேட்டபோது, கூலியாட்கள் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"உன் கடைக்கு இது போதும்மா."

அவன் ஈயோட்டுவதைப் பார்க்காமல் ஓயமாட்டேன் என்று அன்றைக்கே என்னிடம் சொன்னாள்.

பருப்பு ஆலைக்காரர் நேரடியாகக் கொடுக்கத் தயார், ஆனால் முழு லாரியாக எடுத்தால்தான். சுற்றுவட்டாரச் சின்னக் கடைக்காரர்களை எல்லாம் பேசிப் பேசியே சேர்த்தாள். அப்படியும் லாரி நிறையவில்லை. மிச்சம் இருந்தது அவள் ஓரகத்தியின் கடை மட்டும். பாகப்பிரிவினையில் முட்டிக்கொண்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இவள் வாசலுக்கு வந்தால் அவள் கதவைச் சாத்துவாள். எந்த வெறுப்பு பெரிது என்று யோசித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் போனாள்.

"உன்னை எனக்குப் பிடிக்காது. அவனை அதைவிடப் பிடிக்காது" என்றாளாம்.

ஓரகத்தி உள்ளே போய், அவன் தன் தலையிலும் கட்டிய வண்டு மூட்டையை இழுத்துவந்து போட்டாளாம்.

லாரியை வேண்டுமென்றே அவன் கடை வாசலில் நிறுத்தி, அங்கேயே மூட்டைகளைப் பிரித்தார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஓடினேன். அவன் கல்லாவை விட்டு நிமிரவே இல்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

பழைய சரக்கைத் தள்ளிவிட ஏமாளிகள் இல்லாமல் போனதும் கிடங்கு புழுத்தது. பெரிய கடைக்காரர்கள் ஊசி குத்திப் பார்த்துவிட்டு நழுவினார்கள். முழு லாரி எடுக்க அவனுக்கே வக்கில்லாமல் போயிற்று. ஒருநாள் அவள் கடைப் படியேறி, உங்கள் லாரியில் எனக்கும் நாலு மூட்டை ஏற்றிவர முடியுமா என்று கேட்டான். அடுத்த லாரிக்குக் கணக்குப் பேச வந்திருந்த ஓரகத்திக்கே மனசு இளகிவிட்டது.

"அவர் முகத்தைப் பாருங்கக்கா, பாவமா இருக்கு."

கடைக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்."