வாங்கிக்கினு வா, கேட்டுக்கினு வா

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து கிளம்பும்போது எங்கள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "திங்கட்கிழமை மெஷின் இன்னொரு தடவை நின்னா பழைய புரோகிராமையே போட்டுடுவோம்மா. நீங்க பஞ்ச் ரூமுக்கே திரும்பிப் போக வேண்டியிருக்கும்" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கல்பாக்கம் போகும் வழியில் ஓர் அலுவலகம், அதில் ஓர் அறையை அடைத்துக்கொண்டு ஒரே ஒரு கம்ப்யூட்டர். பஞ்ச் ரூமில் மூன்று வருஷம் அட்டை அட்டையாகத் துளை போட்டுவிட்டு, பரீட்சை எழுதி, சண்டையும் போட்டு, புரோகிராம் எழுதும் மேஜைக்கு வந்தவள் நான். அப்பாவும் அம்மாவும் செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். அந்த மேஜையை விட்டுக்கொடுப்பேனா?

டிஸ்க்கில் ஃபைல்களை எழுதும் பகுதியை நான்தான் புதிதாக எழுதியிருந்தேன். அது வேலை செய்ய மெமரியில் கொஞ்சம் இடம் வேண்டும். இடம் கொடுப்பது வேறொரு புரோகிராம். அதனிடம் இரண்டு விதமாகக் கேட்கலாம். ஒன்று, கிடைக்கிற வரை நிற்பது. மற்றொன்று, இல்லையென்றால் உடனே திரும்பி வந்துவிடுவது. நான் எல்லா இடத்திலும் முதல் வழியையே போட்டிருந்தேன். 'இல்லை' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள், என் புரோகிராமாவது அதைக் கேட்காமல் இருக்கட்டும் என்று ஒரு வீம்பு. சின்ன வேலைகளெல்லாம் ஜோராக ஓடின. பெரிய வேலை போட்டால் மட்டும் பாதியில் மெஷின் அசையாமல் நின்றுவிடும். ஏனென்று இரண்டு வாரமாகப் பிடிபடவில்லை.

பஸ்ஸில் இடித்துப் பிடித்துச் செங்கல்பட்டு வந்து சேர்ந்தால், வீடு பூட்டியிருந்தது. சாவி என் வீட்டுக்காரரிடம். காலையில் நான்தான் அவரை மண்ணெண்ணெய்க்கு அனுப்பியிருந்தேன். இப்போது வந்துவிடுவார் என்று வாசற்படியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. பசி வேறு. எனக்குக் கோபம் வந்தால் மரியாதையெல்லாம் பறந்துவிடும். எழுந்து விறுவிறுவென்று ரேஷன் கடைக்கு நடந்தேன்.

மனுஷன் காலி டின்னோடு வரிசையின் முதல் ஆளாக, ஓரமாக ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்.

"யோவ், இன்னாய்யா இங்க நின்னுகினு கீற?"

"கார்டை வூட்டுலயே வெச்சிட்டேன். கார்டு இல்லாம ஊத்த மாட்டேன்னுட்டான். நீ வந்ததும் எடுத்தாரச் சொல்லி எதிர்வூட்டு அக்காகிட்ட சொல்லி வுட்டனே?"

"அந்தக்கா எங்க போச்சோ, யாரு கண்டா? கார்டு வூட்டுக்குள்ள, வூடு பூட்டிக் கீது, சாவி உன் இடுப்புல! நான் உனக்காகக் குந்திக்கினு கீறேன், நீ எனக்காக நின்னுகினு கீற. நல்லா கீதுய்யா!"

வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீதான வாங்கிக்கினு வான்னு சொன்ன? கேட்டுக்கினு வான்னு சொல்லியிருந்தா அப்பவே வந்திருப்பேன்!"

திட்ட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அட கடவுளே, என் மெஷினும் இப்படித்தானே நிற்கிறது! மெமரி நிரம்பிவிட்டால், இடம் கொடுக்கும் புரோகிராம் பழைய சரக்கை டிஸ்க்குக்கு அனுப்பித்தான் இடம் பண்ண வேண்டும். டிஸ்க்கில் எழுதித் தருவது யார்? என் புரோகிராம். அதுவோ இடம் வாங்காமல் நகர மாட்டேன் என்று அதன் எதிரிலேயே நிற்கிறது. இது அதற்காக, அது இதற்காக.

"இன்னாம்மே, பேஸ்து அடிச்ச மாதிரி நிக்கிற?" என்றார் அவர். நடுத்தெருவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சாவியை வாங்கிப் போய்க் கார்டோடு வருவதற்குள் கடையை மூடிவிட்டார்கள். போனால் போகட்டும். அவசரத்துக்கென்று அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் ஒளித்து வைத்திருந்தேன். அதை ஊற்றித்தான் அன்றைக்கு உலை வைத்தேன். அந்தப் பாட்டில் யோசனையையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றி எழுதினேன். டிஸ்க்குக்கு எழுதும் வழியில் மட்டும், கேட்டுவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். இல்லையென்றால், முதலிலேயே எடுத்து ஒளித்து வைத்த ஒரு துண்டு இடத்தில் வேலையை முடிக்க வேண்டும். மற்ற இடங்களில் நின்றே வாங்கலாம், தப்பில்லை.

திங்கட்கிழமை காலை தாள்களைப் பஞ்ச் ரூமில் கொடுத்தபோது அங்கிருந்த மேற்பார்வை அம்மா, "உன் பழைய நாற்காலிய தொடச்சி வெச்சிக்கீறேன். சாயங்காலம் வந்து உன்ன வாங்கிக்கினு போறேன்" என்று கிண்டலடித்தார். ஆள் பற்றாக்குறை அவருக்கு. அட்டைகள் தயாரானதும் எடுத்துக்கொண்டு மெஷின் அறைக்கு ஓடினேன்.

இருப்பதிலேயே பெரிய வேலையைப் போட்டோம். எப்போதும் நிற்கிற இடம் வந்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மெஷின் நிற்கவில்லை. பிரிண்டர் தடதடவென்று தாளைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அதே வேலையை மறுபடி போடச் சொன்னார், ஓடியது. கூட இன்னொன்றையும் சேர்த்துப் போடச் சொன்னார், அதுவும் ஓடியது. "பிரமாதம்மா!" என்று அவர் கத்திவிட்டார். நான் வெட்கமே இல்லாமல் கைதட்டினேன்.

சாயங்காலம் சொன்னபடியே பஞ்ச் ரூம் அம்மா வந்து நின்றார். "இன்னா சார், இந்தப் பொண்ண எனக்குக் குடுக்கறீங்களா?"

தலைவர் என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கம்மா."

"கேட்டுக்கினு போவச் சொல்லுங்க சார்," என்றேன். "வாங்கிக்கினு போவ முடியாது."