கண்டக்டரின் கட்டைவிரல்

மாமனார் பேருந்தில் டிக்கெட் கிழித்தே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்ற அன்று பையையும் விசிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டைவிரலை நாக்கில் தொடும் பழக்கம் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. செய்தித்தாள் புரட்டவும், பிளாஸ்டிக் பை பிரிக்கவும், முதலில் நாக்குதான் வெளியே வரும். தெருவில் இன்றும் அவர் பெயர் கண்டக்டர்தான்.

மருமகளுக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். அவர் படித்துப் போட்ட பேப்பரைக் காலால் ஒதுக்குவாள். வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரு பேக்கரியில் கல்லா வேலை, தற்காலிகம். "கிறிஸ்துமஸ் மரத்துக்குக் காகிதத்துல நட்சத்திரம் மடிச்சுக் குடு. நல்லா வந்தா நிரந்தரமாக்கிடறேன்" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அவள் மடித்ததை மாமனார் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா, லாரி ஏறின தவளையா? நகரு."

அவர் விரலில் மடிப்பு கத்தி போல விழுந்தது. ஒவ்வொரு மடிப்புக்கு முன்னாலும் விரலில் ஒரு நக்கல். தாளில் ஈரம் பளபளத்தது.

அவள் கிண்ணத்தில் பஞ்சை நனைத்து வைத்தாள். "இதைத் தொட்டுக்கங்க மாமா."

தொட்டார். தொட்ட விரலை நாக்கில் வைத்தார். பிறகு மடித்தார்.

"ஏம்மா, தண்ணியில சோப்பு வாடை அடிக்குதே."

நட்சத்திரங்களை ஒரு பெட்டியில் போட்டு, உடம்பில் படாமல் கடைக்கு ஏந்திக்கொண்டு போனாள். மரத்தில் தொங்குவதை யாரும் வாயில் வைக்கப்போவதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வந்தவர்கள் நின்று படம் எடுத்தார்கள். மடித்தது அவள் மாமனார் என்று கேட்டதும் முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

"இன்னும் சின்னதா மடிக்கச் சொல்லும்மா. ஒவ்வொரு கேக் மேலயும் ஒண்ணு குத்திடலாம்."

கிரீமில் புதையும் நட்சத்திரமும் அதை எடுத்துச் சப்பும் குழந்தையும் அவள் கண்முன் வந்து நின்றன. சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் அந்தக் கேக்கைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"வேணாம் சார். மாமா எச்சில் தொட்டுத்தான் மடிக்கிறாரு."

"எல்லாமேவா?"

"உச்சியில இருக்கற பெரிசும்."

முதலாளி சிரித்தார். "காஞ்சா போச்சு, விடு. இவ்வளவு நெஜம் பேசறவ கல்லாவுல இருக்கட்டும். நாளையிலேர்ந்து நீ நிரந்தரம்." கட்டைவிரலை நாக்கில் தொட்டு, அடுக்கிலிருந்து பட்டர் பேப்பர் ஒன்றை உருவி, அதில் ஒரு கேக் துண்டை வைத்து நீட்டினார். "மாமாவுக்குக் குடு. அந்தச் சின்ன நட்சத்திரத்தை மறந்துடாத."

தினமும் டீக்கு அந்தப் பேப்பரில்தான் அவள் பன் தின்றிருக்கிறாள். வழியெல்லாம் எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை.

வீட்டில் மாமனார், முதலாளி கேட்ட சின்ன நட்சத்திரத்தைப் பற்றி அவள் சொல்லக் கேட்டபடியே கேக்கை முடித்து, ஒட்டியிருந்த தூளையும் ஈர விரலால் ஒற்றித் தின்றார். "நல்ல கடைம்மா. சின்னதுன்னா எவ்வளவு சின்னது? தாளைக் குடு."

"கேக்குக்கு நானே மடிச்சுக்கறேன் மாமா."

"தவளையா?"

"தவளைதான்."

கையை இரண்டு தடவை கழுவித் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். புதுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. உதட்டை இறுக மூடிக்கொண்டு, நகத்தால் பிரித்தாள்.