வாசற்படிப் பேரமும் ஒரு கூறைச் சேலையும்

சாமான் விற்கிறவனுக்கு வாய்தான் முதல். அதே ஆள் சாமான் வாங்கப் போனால் அந்த வாய் அவனோடு கூட வராது. பிற ஊருக்குப் போய்ப் பேரம் பேசி ஏமாந்து, வாங்கினதைப் பெட்டிக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்த சகோதர சகோதரிகளே, நானும் உங்கள் ஆள்தான். ஆனால் அதற்கு முன் மற்றப் பக்கத்தில் நின்றவன். கொழும்புத் துறைமுகத்துக்குக் கிட்ட, கப்பலில் வந்து இறங்கும் வெள்ளைக்காரருக்குக் கருங்காலி யானையும் கல் வைத்த மாலையும் விற்கிற கடையில் எனக்கு வேலை. கொட்டாஞ்சேனையில் ஒரு அறை. வெள்ளவத்தையில் கலியாணம் பேசி வைத்த பொம்பிளை, பெயர் பரமேசு. அவளுக்கு நல்ல கூறை எடுக்க வேண்டும், அவளுடைய ஆட்கள் முன்னால் தலைகுனியக் கூடாது. அந்த நாளில் எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

கறுப்புக் கையுறை

எங்கள் முதலாளிக்கு ஒரு சட்டம் இருந்தது. விலை சரிவராமல் வெளியே நடக்கிறவனை உடனே கூப்பிடக் கூடாது. அவன் கால் வாசற்படியில் படும்வரை பொறுத்திருந்து, பிறகு "மாஸ்டர்!" என்று குரல் கொடுக்க வேண்டும். அவன் தான் வென்றுவிட்டதாக நினைத்துத் திரும்பி வருவான். வந்தால் வாங்காமல் போகமாட்டான்.

ஒரு துரைசாணியும் அப்படித்தான் திரும்பி வந்து ஒரு யானையை வாங்கினா. கையில் எடுத்துத் தடவினா பாருங்கள், வெள்ளைக் கையுறை கரிச்சட்டி துடைத்த துணியாகிவிட்டது. யானைக்கு நேற்றுத்தான் சப்பாத்து மை பூசியிருந்தோம். முதலாளி சொல்லித் தந்த வசனம் வாயில் வந்தது. "அசல் கருங்காலி என்றால் முதலில் கொஞ்சம் கறுப்பு விடும், லேடி" என்றேன். அவ கையுறையைப் பார்த்தா, யானையைப் பார்த்தா, முகமெல்லாம் சிரிப்பு. "அப்படியென்றால் அசல்தான்! என் தங்கைக்கும் ஒன்று தாரும்."

கப்பல் ஊதினபோது

கப்பல் ஊதினால் எங்களுக்குக் கொண்டாட்டம். அதுவரை சதம் சதமாக இழுத்தவர்கள் கேட்ட காசை வைத்துவிட்டு ஓடுவார்கள். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி சந்திரகாந்தக் கல் மாலை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, தான் கேட்ட விலையில் இருந்து இம்மியும் அசையவில்லை. கப்பல் ஊதியது. கிழவி கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. மறுபடியும் ஊதியது. கிழவி கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தா.

இவ ஓடிவிட்டால் வியாபாரமும் போச்சே என்று எங்களுக்குத்தான் பதைப்பு. முதலாளி கண்ணைக் காட்ட, நான் இறங்கி இறங்கி, கடைசியில் வாங்கின விலைக்கே கொடுத்தேன். "ஓடுங்கோ லேடி, கப்பல் போகப் போகுது!" என்று கதவையும் திறந்து பிடித்தேன். அவ ஆறுதலாக எழும்பி, என்னுடையதைவிட நல்ல சிங்களத்தில் சொன்னா: "எனக்கென்ன கப்பல்? நான் கனகாலமாகக் கொள்ளுப்பிட்டியில்தானே இருக்கிறேன், ஒரு ரிக்‌ஷா கூப்பிடும்."

மதுரையில் நான்தான் துரை

கூறை எடுக்கிற நேரம் வந்தது. "இங்கே கொழும்பிலை, செட்டியார் தெருவிலேயே எடுக்கலாமே தம்பி" என்றா பரமேசுவின் தாய். "மாமி, என்னைப் பேய்க்காட்டி ஏமாத்த இனித்தான் ஒருத்தன் பிறக்கவேணும்" என்றேன். கதவுக்குப் பின்னால் பரமேசு சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்பை நம்பித் தலைமன்னார் ரயில் ஏறி, கடல் தாண்டி மதுரைக்குப் போனேன்.

கோயிலுக்குப் பக்கத்துக் கடையில் நல்ல சிவப்பில் ஒரு கூறை. விலையைச் சொன்னான், நான் பாதியைச் சொன்னேன். கடைக்காரன் சிரித்தான். சேலையை வைத்துவிட்டு எழும்பி நடந்தேன், மெதுவாக, மிக மெதுவாக. கால் வாசற்படியில் பட்டது. சத்தமில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, கோபுரத்தில் பொம்மைகளைப் பார்க்கிற மாதிரி நின்றேன். கூப்பிடேன் ஐயா, கூப்பிடேன்! அவன் சேலையை மடித்து அலுமாரியில் வைத்துக்கொண்டிருந்தான். வெட்கத்தை விட்டுத் திரும்பிப் போய் அவன் சொன்ன விலைக்கே எடுத்தேன்.

காசைக் கொடுத்த பிறகுதான் விரலை நனைத்துத் தேய்த்துப் பார்க்கிற புத்தி வந்தது. விரல் நுனி சிவந்தது. "அசல் பட்டுன்னா முதல்ல கொஞ்சம் சாயம் விடத்தாண்ணே செய்யும்" என்றான் அவன். அட கடவுளே, என் வசனம்! ஆனால் விளங்கின மாதிரிக் காட்டினால் மானம் போகுமே. தலையை ஆட்டி, அதே துணியில் ரவிக்கைத் துண்டும் வாங்கினேன். அவன் பொட்டலத்தைக் கட்டித் தந்து சொன்னான்: "கொழும்புக்காரங்கன்னா விவரமானவங்கதாண்ணே."

மணவறை வெக்கை

கலியாணம் வெள்ளவத்தையில், பொம்பிளை வீட்டுப் பந்தலில். ஓமப் புகை, வெக்கை, நெருக்கம். பரமேசு கூறை மாற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கழுத்து வியர்த்தது, கழுத்தோடு சிவப்பும் இறங்கியது. என் புது வேட்டிக் கரையிலும் ஒரு சிவப்புத் திட்டு. எதிரே மாமி கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தா. எனக்கு அழுகை வராத குறை. "ஏமாந்துபோனன், பரமேசு" என்று அவள் காதுக்குள் சொன்னேன்.

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. அடுத்து அவள் சொன்ன வசனத்தை நான் அவளுக்கு ஒருநாளும் சொன்னதில்லை, சத்தியமாகச் சொன்னதில்லை. "அசல் பட்டெண்டா முதல்ல கொஞ்சம் சாயம் விடும் எண்டு அம்மாட்டைச் சொல்லிப்போட்டன். நீங்கள் பேசாமல் தாலியைக் கட்டுங்கோ."

சீதனப் பேச்சைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டதால், என் வாழ்நாளில் நான் வாய் திறந்து பேரம் பேசாத ஒரே காரியம் அந்தக் கலியாணம்தான், நான் ஏமாறாததும் அது ஒன்றில்தான்.