கடிக்காத எறும்பு

எனக்கு எழுபத்தி நாலு வயசுங்க. அஞ்சு பெத்து, அஞ்சையும் ஒருத்தர் கையை எதிர்பார்க்காம ஆளாக்கினவ. மூணாங்கிளாஸோட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு, எழுத்து கோணலாத்தான் வரும். ஆனா நானே எழுதறேன்.

ஏழு வருஷத்துக்கு முன்னால, தை மாசம். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கால எங்க எலுமிச்சைத் தோட்டம். நடுவுல பெரிய நாரத்தை மரம். அந்த வருஷம் புகையில வாட்டினாப்ல இலையெல்லாம் கறுத்துப்போச்சு. மேகமே இல்லாத பகல்ல மரத்தடிக்குப் போனா பிடறியில பிசுபிசுன்னு சொட்டும். கோழி கூட அந்தப் பக்கம் மேயாது. மரத்துக்கு மரம் எறும்பு. மஞ்சளா, காலு நீண்டு, நிக்காம ஓடும். கடிக்காது. ஆனா வைக்கோல்போருல பூனை போட்ட குட்டிக, கண்ணு திறந்த வாரத்துலயே கண்ணு வெளுத்துக் கிடந்துச்சு. கண்ணோரத்துல அந்த எறும்பு.

"அத்தை, அந்த மரத்துல என்னமோ இருக்குதுங்க"ன்னா மருமக.

"இருந்தா இறங்கி வந்து காய் பறிக்கச் சொல்லு"ன்னேன்.

விவசாய ஆபீஸு, அந்தக் கிருஷிபவன்ல இருந்து வந்த பொண்ணு இலையைத் திருப்பிக் காட்டுச்சு. அடியில பஞ்சாட்டம் மாவுப்பூச்சி. அது சாறை உறிஞ்சிட்டு இனிப்பாக் கழியுதாம். அதைக் குடிக்கத்தான் எறும்பு, பூச்சிக்குக் காவலே நிக்குதாம். "எறும்பு ஏறாமப் பண்ணுங்கம்மா, பூச்சியைப் பொறிவண்டு தின்னுரும். தரையைத் தொடற கிளை ஒண்ணு இருந்தாலும் அதுல ஏறிரும்"னு சொல்லிட்டுப் போச்சு.

மறுநாள் விடியக்காலமே அடிமரத்துல துணி சுத்திக் கிரீஸ் தடவினேன். தாழ்ந்த கிளையெல்லாம் வெட்டினேன். வெயில் ஏறறதுக்குள்ள நாரத்தை அடிமரத்துல ஒரு எறும்பில்லை. அதைப் பார்த்த தைரியத்துல அதோட கிளையிலயே தூளி கட்டிப் பேத்தியைப் போட்டோம். அப்ப அது கைக்குழந்தை. நானும் மருமகளும் கொஞ்சம் தள்ளி, வெட்டின கிளைகளை இழுத்துட்டு இருந்தோம்.

எங்க பக்கம் தை மாசக் காத்து ஓயாது. கணவாயில புகுந்து பனையோலையைப் பிச்சு எறியும். அன்னிக்கு நட்டநடுப் பகல்ல சட்டுன்னு நின்னுபோச்சு. ஒரு ஓலை அசையலை. தூளி மட்டும் ஆடுச்சு.

கிட்டப் போனேன். கரையில்லாத வெள்ளைச் சேலையிலதான் தூளி கட்டியிருந்தோம். இப்ப அதுல மஞ்சளா ஒரு கரை. அந்தக் கரை ஓடிட்டு இருந்துச்சு.

சேலை நுனி புல்லுல கிடந்திருக்குது. அடிமரத்தை அடைச்ச நாங்களே அதுக்குப் பாதையும் கட்டிக் குடுத்திருக்கோம். குழந்தை அழலை. காலை உதைச்சுட்டு, காதோரமாப் போற வரிசையைக் கொட்டக்கொட்டப் பார்த்துட்டு இருந்துச்சு.

மருமக அலறிட்டு சேலையை உதற வந்தா.

"தொடாதடி! உதறினா அத்தனையும் மூஞ்சியில கொட்டும்!"

கலைச்சா அந்த எறும்பு எரியற தண்ணியைப் பீச்சும். ரெண்டு கையாலயும் குழந்தை கண்ணைப் பொத்தினேன். மருமக அடியில கை குடுத்து மெதுவாத் தூக்கினா. கிளையில இருந்து என் மூஞ்சி மேல எறும்பு பொலபொலன்னு விழுந்துச்சு. புளிச்ச காடி நெடி. இடக்கண்ணுல தணலை வெச்சாப்ல இருந்துச்சு. துடைக்கக் கையில்லை. கிணத்தடித் தொட்டிக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் குழந்தை கண்ணுல இருந்து கையை எடுக்கலை.

குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை. என் இடக்கண்ணுல மட்டும் மங்கல் நின்னுபோச்சு.

புல்லையெல்லாம் செதுக்கி, விடாமக் கிரீஸ் தடவினோம். மழைக்கு முன்னால பொறிவண்டு வந்துச்சு, புதுத்தளிர் பச்சையா விட்டுச்சு. அப்புறம் எந்த மரத்துலயும் நாங்க தூளி கட்டலை. இன்னிக்கும் காத்து திடீர்னு நின்னா, கை வேலையைப் போட்டுட்டுப் புள்ளைக எங்கன்னு தேடுவேன்.

தூளியில கிடந்தவ இப்ப ரெண்டாங்கிளாஸ். அம்மிணி, இங்க வா சாமி. அப்பத்தா எழுதினதை முதல்ல இருந்து வாசி. வேகம் வேண்டாம். வரி மேல உன் கண்ணு போறதை நான் பார்த்துட்டே கேக்கணும்.