கார்த்தியாயினி முகத்தில் பூசிய ஆசிட்

எங்கள் செங்கல் ஊரில் அடுத்த வீட்டுக் கார்த்தியாயினிக்கு நாற்பத்தாறு வயதுதான். விடியும் முன்னே ரப்பர் பால்வெட்டு, பகலெல்லாம் மரச்சீனிக் கிழங்கு விளையில் களைவெட்டு. பட்ட வெயில் முழுவதும் கன்னத்தில் கருந்திட்டாகவும் சுருக்கமாகவும் கிடந்தது. அதற்காக அவள் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. புருஷன் போனபின் ஒற்றை மகள் ஜிஷாவை ஆளாக்குவதற்குள் கண்ணாடி பார்க்க நேரம் ஏது?

ஜிஷாவின் நிச்சயத்துக்குத் திருப்புறத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். சாயா நீட்டிய கார்த்தியாயினியை மாப்பிள்ளையின் அம்மா ஸ்ரீகலா ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெண்ணுக்க பாட்டியா?" என்று கேட்டாள். யாரோ திருத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள், இவளும் சிரித்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மறுவாரமே என்னையும் இழுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குத் தோல் டாக்டரைப் பார்க்கப் போனாள்.

"கல்யாணத்துக்குள்ள எனக்க முகம் மாறுமா டாக்டரே?"

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். இதற்கென்று உள்ள ஒரு ஆசிட்டைப் பூசினால் பழைய தோல் உரிந்து புதுத்தோல் வரும், பிறகு கொஞ்ச நாள் வெயிலே படக்கூடாது, யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். டாக்டர் சொன்னது ஆசிட்தானே என்று திரும்பும்போது பஸ்ஸில் இரண்டு தடவை கேட்டாள்.

ரப்பர் பாலை உறைய வைக்கவும் ஆசிட்தான் ஊற்றுவோம். அதை ஷீட்டாக அடிக்கிற வீடுகளில் எல்லாம் அந்தக் கேன் உண்டு. மறுநாள் அவள் வீட்டில் அலறல் கேட்டு ஓடினேன். அந்த ஆசிட்டில் தண்ணீர் கலந்து இரண்டு கன்னத்திலும் தேய்த்திருக்கிறாள், பாவி! தோல் வெந்து வெளுத்துப்போயிருந்தது. இழுத்துப்போய்க் குழாயடியில் முகத்தைப் பிடித்தேன்.

"பழைய தோலு போவட்டும்க்கா," என்று முனகுகிறாள். அந்த நிலையிலும் அவளை அறையலாம் போலிருந்தது.

தழும்பு போகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

விஷயம் கேட்டு ஸ்ரீகலா ஆரஞ்சுப் பையோடு ஓடி வந்தாள். கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். நடிப்பில்லை, நிஜமான அழுகை.

"இந்த முகத்துக்கு என்ன குறை மைனி? ஒங்க மனச நோவடிச்சது ஆரு? அவளுக்க நாக்கு அழுகிப் போவும்!"

பாட்டியா என்று தான் கேட்டது அவளுக்கு நினைவே இல்லை! முகத்துக்கு நேரே சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். முகத்துக் கட்டுக்கு நடுவே கார்த்தியாயினியின் கண்கள் பக்கத்தில் நின்ற ஜிஷாவைப் பார்த்தன, பிறகு என்னைப் பார்த்தன.

"ஆரும் ஒண்ணும் சொல்லல்ல மைனி," என்றாள். "எனக்க புத்திகேடாக்கும்."